கச்சானில் குச்சவெளி நோக்கி: சுக்கான் இழந்த 19 அடிப் பாய்ப்படகு

படகு 19 அடி நீளம். பைபர் உடல், ஒற்றைப் பாய்மரம். பெரிய பாய் 11 சதுர மீற்றர், முன்பாய் 6. நீருக்குள் ஏற்றி இறக்கக்கூடிய நடுப்பலகை, பின்பலகையில் தொங்கும் சுக்கான், 6 குதிரைவலு அவுட்போட் எஞ்சின், தனித் தாங்கியில் 12 லீற்றர் பெற்றோல். ஆட்கள் மூன்று பேர். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் ஜூலையில் ஒரு காலை, திருகோணமலை உட்துறைமுகத்திலிருந்து குச்சவெளிக்குப் புறப்பட்டார்கள். பிற்பகலில் படகு நிலாவெளிக் கரைக்குத்தான் வந்தது, அதுவும் சுக்கான் இல்லாமல், ஒரு மீன்பிடிப் படகின் கயிற்றில். யாருக்கும் காயமில்லை.

படகும் ஆட்களும் பயிற்சிக்காகக் கற்பனையாக அமைத்தவை. இந்தக் கரையில் சிறு பாய்ப்படகுகள் மாட்டிக்கொள்ளும் வழிகளை ஒரே பயணத்துக்குள் சேர்த்திருக்கிறோம். தூரம், கரையின் வளைவு, காற்றின் குணம் மூன்றும் இடத்துக்கு உரியபடியே உள்ளன.

கரையும் காற்றும்

உட்துறைமுகத்திலிருந்து ஒஸ்டன்பேர்க் முனையைச் சுற்றி, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்கு வர ஏறக்குறைய 4 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.85 கிலோமீற்றர்). அங்கிருந்து புறாமலைத் தீவுக்கு வடக்கு வடமேற்காக 9 மைலுக்குச் சற்றுக் குறைவு. புறாமலையிலிருந்து குச்சவெளிக்கு இன்னும் 8 மைலுக்குக் கொஞ்சம் கூட. மொத்தம் 21. வரைபடத்தில் எல்லோரும் இந்தத் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள். திருப்பத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. சுவாமி மலையிலிருந்து புறாமலை வரை போக்கு, வடக்கிலிருந்து வலமாக எண்ணினால், சுமார் 343 பாகை. புறாமலை தாண்டியதும் கரை மேற்கே சாய்வதால் போக்கு 313 பாகையாகிறது. முப்பது பாகை வித்தியாசம். மேற்குக் காற்று முதல் பகுதியில் பக்கவாட்டில் வரும், படகு துள்ளிக்கொண்டு ஓடும். அதே காற்று இரண்டாம் பகுதியில் அணியத்திலிருந்து (படகின் முன்முனை) 43 பாகைக்குள் வந்துவிடும். இப்படிப்பட்ட சிறு படகு காற்றை எதிர்த்து ஏறக்கூடிய எல்லையே அதுதான். காற்று இன்னும் பத்துப் பாகை வடக்கே திரும்பினால் நேராகப் போக வழியில்லை, வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். 8 மைல் இன்னும் நீண்டுவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கரைக்குக் கச்சான் காலம். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைகளின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வரண்டு, சூடேறி இறங்குகிறது. விடியற்காலையில் அடக்கமாக இருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும், ஒன்பது மணிக்கு மேல், மேலே ஓடும் காற்று கீழே இறங்கி வெடிப்பு வெடிப்பாக அடிக்கும். பருவக்காற்று வலுக்குறைந்த நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். வலுத்த நாட்களில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

இங்கே மக்கள் கடலுக்குப் பயப்படுவது கார்த்திகை, மார்கழியில். 1964 டிசம்பர்ப் புயல், 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்த சூறாவளி, 2020 டிசம்பர் 2ஆம் திகதி இதே வடகிழக்குக் கரையில் ஏறிய புரெவி எல்லாம் அந்தப் பருவத்துக்கு உரியவை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதன் மறுபக்கமாக, ஜூலைக் கடலை எல்லோரும் குளமென்று நினைத்துவிடுகிறார்கள். கார்த்திகை, மார்கழியின் வாடைக் காற்றில் எஞ்சின் நின்றால் படகு கரையில் மோதும். கச்சானில் எஞ்சின் நின்றால் கரை விலகிப்போகும். அந்தப் பக்கம் வங்காள விரிகுடா.

கரையிலிருந்து பார்ப்பவருக்கு அலையின் முதுகுதான் தெரியும், நுரை தெரியாது. 18 நொட் (நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று கரையைத் தாண்டி வீசும்போது அரைக் கிலோமீற்றரில் அலை ஒரு சாண்கூட இராது. 2 கடல் மைலில் சுமார் 30 சென்ரிமீற்றர். 5 மைலில் அரை மீற்றருக்குக் கிட்ட. 20 மைலில் ஒரு மீற்றரை நெருங்கும். உயரம் பெரிதில்லை. ஆனால் குறுகிய இடைவெளியில் செங்குத்தாக வருவதால் 19 அடிப் படகு ஒவ்வொன்றிலும் தடக்கி நிற்கும்.

என்ன நடந்தது

திட்டப்படி காலை 6 மணிக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். எஞ்சின் குழாய்க் கவ்வி ஒன்று கசிந்ததால் 8.10 ஆயிற்று. யாரும் திட்டத்தை மறுபடி பார்க்கவில்லை. அன்றைய வளிமண்டலவியல் திணைக்கள முன்னறிவிப்பு காற்றை மணிக்கு 30 முதல் 40 கிலோமீற்றர், இடைக்கிடை 50 என்றது. பஸ்ஸில் போகிற கணக்கில் 40 கிலோமீற்றர் சாதாரணமாகத்தான் கேட்கும். அதை 1.85ஆல் வகுத்தால் 16 முதல் 22 நொட், வெடிப்பில் 27. இந்த அளவுப் படகுக்குப் பெரிய பாயைக் குறைக்க வேண்டிய எல்லையை அது கரையில் இருக்கும்போதே தாண்டிவிட்டது. துறைமுகத்துக்குள் குன்றுகளின் மறைவில் 10 நொட்தான் இருந்ததால் முழுப் பாயோடு வெளியே வந்தார்கள்.

9 மணிக்குச் சற்றுப் பின் சுவாமி மலை. நூறு மீற்றரைத் தாண்டிய பாறைக்குக் கீழே காற்று செத்துக் கிடந்தது. பாறையின் வடமுனையைத் தாண்டி உப்புவெளி வளைகுடா திறந்ததும் தென்மேற்கிலிருந்து 18 நொட் ஒரேயடியாக விழுந்தது. பாயைக் குறைக்கச் சிறந்த இடம் அந்த மறைவுதான். அங்கே பத்து நிமிடம் நின்று, பெரிய பாயில் ஒரு மடிப்பைக் கட்டியிருக்கலாம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: 12 நொட்டில் பாய் தாங்கும் விசை 18இல் இரண்டேகால் மடங்கு.

கரைவலை மிதவைகளில் சுக்கான் சிக்காமலிருக்க 2 மைல் தள்ளிப் போனார்கள். மிதவைக்குப் பயந்தது சரி. விலகிய தூரம் கூடிவிட்டது. கரைவலை பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்கு உட்பட்ட கடலில்தான் வளைக்கப்படுகிறது. முந்திய மாலை உப்புவெளியிலோ நிலாவெளியிலோ மீனவர் வாடியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எங்கே வலை விழும், எத்தனை மணிக்கு என்று தெரிந்திருக்கும்.

10.40, நிலாவெளிக்கு நேரே. சுக்கான் தடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவர் ஒரு வெடிப்புக் காற்றில் பின்னால் விழுந்தார். தடி கையில் இருந்தது, எதிர்விசை இல்லை. சுக்கானைப் பின்பலகையோடு பிணைக்கும் இரண்டு கீல்களில் கீழ்க் கீல் பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மேல் கீலில் மட்டும் தொங்கிய சுக்கான் இரண்டு அலையில் முறுகிக் கழன்று மிதந்தது. அதைப் படகோடு சேர்க்கும் கயிறு இல்லை. படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பிப் பாய்கள் படபடத்து நின்றது. எட்டுவதற்குள் சுக்கான் போய்விட்டது.

எஞ்சின் இருந்ததால் யாரும் பதறவில்லை. 10.55க்கு ஓடத் தொடங்கி, எஞ்சினையே திருப்பிக் கரையை நோக்கி வந்தார்கள். 11.10க்கு இருமி நின்றது. கரை ஒன்றரை மைல். காபரேற்றரைக் கழற்றுவதா பிளக்கைக் கழற்றுவதா என்று பேசியபடி சோக்கை இழுத்து இழுத்து இருபது நிமிடம். நங்கூரம் போட்டார்கள்: 5 கிலோ நங்கூரம், 30 மீற்றர் கயிறு, அடி தொடவில்லை.

11.30க்கு, பெரிய பாயை இறக்கிவிட்டு முன்பாயை மட்டும் ஏற்றித் துடுப்பால் திருப்பலாம் என்று முடிவெடுத்தார்கள். அன்று செய்தவற்றில் மிக மோசமானது இதுதான். பார்வைக்குப் பத்திரமான முடிவுபோல இருந்தது என்பதால் இன்னும் மோசம். முன்பாய் மட்டும் இருந்தால் அணியம் காற்றை விட்டு விலகும், படகு காற்றின் போக்கிலேயே போகும். மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் கிழக்கு வடகிழக்காக ஓடினார்கள். 12.50க்கு கரை ஐந்து மைலுக்கு அப்பால்.

கைபேசியில் 20 வீதம் மின்தான் மிச்சம். காலை முழுக்க அதைத் திசைகாட்டியாகத் திறந்தபடி வைத்திருந்தார்கள். கரையில் இருந்த நண்பரிடம் "மத்தியானத்துக்குள்ள கூப்பிடுறம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எத்தனை மணிக்குப் பிறகு யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. குடிதண்ணீர் மூவருக்கும் சேர்த்து 4 லீற்றர். கச்சானில் வியர்வை தெரியாமலே உலரும். ஒருவருக்கு 3 லீற்றர் என்பது சொகுசு இல்லை.

ஒரு மணியளவில் காற்று தளர்ந்தது. வெளிக்கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பைபர் படகு ஒன்று வெள்ளைப் பாயைக் கண்டு கிட்ட வந்தது. ஓட்டியவர் எஞ்சினைத் தொடவே இல்லை. பெற்றோல் குழாயின் நடுவிலிருக்கும் ரப்பர் குமிழைப் பார்த்தார். அது உறிஞ்சப்பட்டுக் காய்ந்த முந்திரிகைபோல ஒட்டிக் கிடந்தது.

"தம்பி, தாங்கி மூடியிலே இருக்கிற காத்துத் திருகைத் திறந்து விட்டனீங்களா?"

திறக்கவில்லை. மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனது, குமிழ் ஊதி எழுந்தது. குழாய் மாற்றியபோது கசிவைத் தடுக்க மூடிய திருகு அது. மூடிய தாங்கியிலிருந்து எஞ்சின் கால் மணிநேரம் உறிஞ்சும், பிறகு உள்ளே வெற்றிடம் உண்டாகி எரிபொருள் வராது. அதற்குள் சோக் இழுத்த இழுப்பில் பிளக் நனைந்துவிட்டது, மாற்றுப் பிளக் இல்லை. கட்டி இழுப்பதுதான் வழி.

"கயித்தைப் பாய்மரத்தடியிலே சுத்திக் கட்டுங்கோ தம்பி. முன்னுக்கு நிக்கிற கொழுவியிலே கட்டினா கொழுவிதான் வரும், போட் வராது."

"சரி அண்ணை, மெதுவா இழுங்கோ, சுக்கான் இல்லை."

இரண்டும் சரியான பேச்சு. இத்தகைய படகின் முன் கொழுவி பெரும்பாலும் நான்கு சிறு திருகாணிகளில் நிற்கிறது. நங்கூரத்துக்குப் போதும், இழுவைக்குப் போதாது. இந்த நீளத்துப் படகு தண்ணீரில் ஐந்தரை நொட்டுக்கு மேல் இழுபடாது. பைபர் படகுக்கு அது ஊர்கிற வேகம். பொறுமையிழந்து பத்துக்கு ஏற்றினால் இழுபடும் படகின் அணியம் புதைந்து கவிழும். சுக்கான் இல்லாத படகு கயிற்றின் முனையில் இடமும் வலமுமாக ஆடும். அதை அடக்க, பின்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் கயிறு கட்டி ஒரு வாளியை இழுபட விட்டார்கள். நடுப்பலகையை முழுக்க ஏற்றி, ஆட்களைப் பின்னால் உட்காரவைத்ததும் ஆட்டம் பாதியாயிற்று. நாலரை நொட்டில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். வழியில் கிழக்குக் கடற்காற்று எழுந்து முதுகில் தள்ளியது.

பிடுங்கிய கீல்

கரையில் பின்பலகையைப் பார்த்தபோது காரணம் ஓட்டையிலேயே தெரிந்தது. பலகை வெளியேயும் உள்ளேயும் பைபர், நடுவில் 12 மில்லிமீற்றர் பிளைவூட். கீழ்க் கீலை இரண்டு 6 மில்லிமீற்றர் போல்ட்கள் பிடித்திருந்தன. உள்பக்கத்தில் போல்ட்டோடு கடையில் தரும் சாதாரண வோசர், விட்டம் 12 மில்லிமீற்றர். ஓட்டையைச் சுற்றித் தேநீர்க் கறைபோல ஒரு கோடு கீழே ஒழுகியிருந்தது. விரலை விட்டால் பிளைவூட் நனைந்த பிஸ்கற்போல உதிர்ந்தது. போல்ட் முறியவில்லை. வோசரோடு பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. போல்ட்டைச் சுற்றிப் பசை வைக்காத இடத்தால் பல வருடமாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

ஏன் கீழ்க் கீல் முதலில்? சுக்கானின் பலகை முழுவதும் கீழே, தண்ணீருக்குள் இருக்கிறது. அதற்கு அருகில் இருப்பது கீழ்க் கீல், சுமையில் பெரும்பங்கு அதற்கே. முழுப் பாயோடு பக்கக் காற்றில் சாய்ந்த படகு விடாமல் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுக்கானைக் குறுக்கே பிடிக்கிறோம். இரண்டு கை தேவைப்படுகிறது என்றால் படகு பாயைக் குறைக்கச் சொல்லுகிறது என்று பொருள். அன்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதைக் கேட்காமல் ஓட்டியிருக்கிறார்கள். உக்கிய பலகை என்றைக்காவது போயிருக்கும். அன்றைக்குப் போனது பாயினால்.

தேநீர்க் கரண்டியால் தட்டிப் பார்த்திருந்தால் முந்திய நாளே தெரிந்திருக்கும். நல்ல பலகை 'டக்' என்று கூர்மையாகச் சொல்லும், நனைந்தது 'தொப்' என்று மந்தமாக. இரண்டு நிமிட வேலை.

சுக்கான் போன பிறகு

கரை ஒன்றரை, இரண்டு மைலில் இருக்கும்போது, தென்மேற்குக் காற்றில், எஞ்சின் இல்லாமலே கரை சேர்ந்திருக்கலாம். பெரிய பாயை இறக்காமல் ஒரு மடிப்பைக் கட்டிக் குறைத்து, முன்பாயைச் சிறிதாக வைத்துக்கொண்டு, நடுப்பலகையைக் கால்வாசி ஏற்ற வேண்டும். பெரிய பாயை இழுத்தால் அணியம் காற்றை நோக்கி ஏறும், முன்பாயை இழுத்தால் விலகும். நடுப்பலகையை ஏற்றும்போது அதன் பிடிப்பு பின்னால் நகர்ந்து, ஏறும் குணம் குறையும். ஆட்கள் காற்றடிக்கும் பக்கத்துக்கு நகர்ந்தால் படகு விலகும், மறுபக்கத்துக்குச் சாய்த்தால் ஏறும். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் இடப்பக்கக் காற்றில் 285 பாகைக்குக் கிட்ட ஒரு போக்கு கிடைக்கும். அது நேரே நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கம். இரண்டரை நொட் வேகத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் நங்கூரம் தொடும் ஆழம் வந்துவிடும்.

துடுப்பு இதற்கு மேல் ஒரு திருத்தம் மட்டுமே. எட்டடித் துடுப்பைப் பின்பலகையின் விளிம்பில் எட்டு வடிவத்தில் கயிறு சுற்றிக் கட்ட வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு நின்றால் முதல் வெடிப்பில் பறந்துவிடும். இதைக் கடலில் முதன்முதலாகச் செய்தால் வராது. துறைமுகத்துக்குள் ஒரு பின்னேரம் சுக்கானைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, சோபர் தீவுப் பக்கம் போய்த் திரும்பி வரட்டும். யாருக்கு வரவில்லையோ அவர் கச்சானில் வெளியே போகாதிருப்பது நல்லது.

30 மீற்றர் கயிறு 6, 7 மீற்றர் ஆழத்துக்குத்தான் உதவும், ஆழத்தின் நான்கைந்து மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் கடிக்கும் என்பதால். இந்தக் கரையில் கடல் விரைவாக ஆழமாகிறது. துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஆகவே கயிற்றின் நீளமே கரையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகலாம் என்ற எல்லையும். கச்சானில் அரை மைலுக்கு மேல் விலகாமல், 80 மீற்றர் கயிறும் அதன் முனையில் 4 மீற்றர் சங்கிலியும் வைத்திருந்தால், எஞ்சினோ சுக்கானோ போன கணத்தில் நின்று யோசிக்கலாம். யோசிக்க நேரம் கிடைப்பதுதான் நங்கூரத்தின் பெரிய பயன். புறாமலையைச் சுற்றி மட்டும் இது செல்லாது. அங்கே பவளப்பாறை, 2003 முதல் தேசியப் பூங்கா. வெளிப்பக்கமாக அரை மைல் விட்டுக் கடந்துவிட வேண்டும்.

கையடக்க வி.எச்.எப். வானொலி இந்தப் படகில் இல்லை. 16ஆம் அலைவரிசையைக் கடற்படையும் கப்பல்களும் கேட்கும். மீன்பிடிப் பைபர் படகுகளில் பலர் கைபேசியைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆகவே இரண்டும் வேண்டும். கைபேசி அணைத்தபடி, தண்ணீர் புகாத பையில். திசைக்குத் தனியாக ஒரு காந்தத் திசைகாட்டி.

அதே பயணம், மறுபடி

5.45க்குப் புறப்பட்டால் நாலரை நொட்டில் 13 மைல் ஓடி 8.40க்குப் புறாமலைக்கு வரலாம். வெயில் காற்றைக் கிளறுவதற்கு முன் நீண்ட பகுதி முடிந்துவிடும். சுவாமி மலையின் மறைவில் ஒரு மடிப்பு, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும். தேவையில்லாவிட்டால் அவிழ்ப்பது எளிது. புறாமலையில் காற்று மேற்கிலிருந்தோ அதற்கு வடக்கிலிருந்தோ 15 நொட்டுக்கு மேல் இருந்தால் குச்சவெளி இல்லை, நிலாவெளிதான். 9 மணிக்குள் புறாமலை வராவிட்டாலும் அப்படியே. 8.10க்குப் புறப்பட நேர்ந்தவர்களுக்கு அன்றைய குச்சவெளி துறைமுகத்திலேயே முடிந்துவிட்டது. உப்புவெளி வரை போய்த் திரும்பியிருக்கலாம்.

எஞ்சின் கணக்கும் ஒரு முறை போட வேண்டும். 6 குதிரைவலு எஞ்சின் முக்கால் விசையில் மணிக்கு சுமார் 2 லீற்றர் குடிக்கும். 12 லீற்றருக்கு 6 மணித்தியாலம். அமைதியான கடலில் அது 27, 28 மைல். 20 நொட் எதிர்க்காற்றில் படகு 3 நொட்டுக்கு மேல் போகாது, ஆகவே 18 மைல். புறப்படுமுன் தாங்கியின் காற்றுத் திருகைத் திறந்து, குமிழை அழுத்தி, கட்டியபடியே இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். ஐந்து நிமிடச் சோதனையில் மூடிய திருகு பிடிபடாது.

கீலைத் திருத்திய முறை: பின்பலகையின் உள்பக்க பைபரை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, உக்கிய பிளைவூட்டைச் சுரண்டி, இரண்டு வாரம் நிழலில் உலரவிட்டு, புதிய துண்டை எப்பொக்சியில் ஒட்டினார்கள். போல்ட் ஓட்டைகளை முதலில் 12 மில்லிமீற்றரில் பெரிதாகத் துளைத்து, தடித்த எப்பொக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் 8 மில்லிமீற்றர் துளைத்தார்கள். இனித் தண்ணீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. போல்ட் 8 மில்லிமீற்றர், அதற்கேற்ற கீல். உள்பக்கம் வோசருக்குப் பதில் 100க்கு 50 மில்லிமீற்றர் அளவில் 5 மில்லிமீற்றர் தடித்த அலுமினியத் தகடு. மேல் கீலுக்கும் அதே. சுக்கான் தலையில் ஒரு ஓட்டை, அதிலிருந்து பின்பலகைக்கு அரை மீற்றர் கயிறு. படகை மணலில் வைத்து, ஒருவர் சுக்கான் பலகையின் நுனியைப் பிடித்து முழுப் பலத்தோடு இடமும் வலமும் தள்ள, இன்னொருவர் உள்ளே குனிந்து விரலைத் தகட்டின் விளிம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். மயிரிழை அசைந்தாலும் மறுபடி கழற்று.